கடனா? மறைத்த கடனா?

(பட்டிமன்றத் தலைப்பு: இல்லறத்தைப் பெரிதும் சோதிப்பது பட்ட கடனா? மறைத்த கடனா? 'மறைத்த கடனே' அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)



நடுவர் ஐயா, நான் ஸ்ரீரங்கம். பிறந்தது உறையூர், வாக்கப்பட்டது ஸ்ரீரங்கம். காவிரிக்கு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை. பாலம் தாண்டிப் போன பொண்ணு. பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால வீட்டுல கணக்கு வழக்கெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு எங்க வீட்டுக்காரர் ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்தார். (சிரிப்பு)

எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரர் ரொம்ப உருக்கமாப் பேசினார். கடன்பட்டவன் நெஞ்சம் எப்படிக் கலங்கும்னு கம்பர் இராவணனை வெச்சுச் சொன்னார்னு ஒரு வரியை எடுத்து விட்டார். நீங்களும் கை தட்டினீங்க. ஐயா, அந்த வரி கம்பராமாயணத்துல இல்லை. தேடிப் பாருங்க, கிடைக்காது. அருணாசலக் கவிராயரோட ராம நாடகத்தோட சேர்த்துச் சொல்றவங்க உண்டு. ரெண்டு ராமாயணமும் எங்க ஊர்ல அரங்கேறினதுன்னுதான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. தாயார் சன்னிதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம் இன்னைக்கும் இருக்கு. கவிராயர் அதுக்கு ரொம்பப் பின்னாடி, பதினெட்டாம் நூற்றாண்டு. யாரோ பட்ட வரி, கம்பர் கணக்குல ஏறி உட்கார்ந்துக்கிட்டு இருக்கு. சகோதரர் அதை அப்படியே நம்பிட்டார். இந்த 'வேறொருத்தர் கணக்கு நம்ம பேர்ல ஏறுற' விஷயத்துக்குக் கொஞ்ச நேரத்துல நான் திரும்பி வர்றேன். ஞாபகம் வெச்சுக்குங்க.

கடன்தான் குடும்பத்தைக் கெடுக்குதுன்னு அவர் கட்சி. நான் கேக்கிறேன், கடன் வாங்காத குடும்பம் எது? எங்க ஊர்ல வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசி முடிஞ்சு இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி உற்சவம் நடக்கும். திருமங்கை மன்னன் பெருமாளையே வழிப்பறி பண்ற உற்சவம். பார்த்தவங்களுக்குத் தெரியும். ஏன் வழிப்பறிக்கு வந்தார்? குமுதவல்லியைக் கல்யாணம் பண்ணிக்கணும்னா ஒரு வருஷத்துக்குத் தினம் ஆயிரத்தெட்டு பேருக்குச் சோறு போடணும்னு அந்த அம்மா நிபந்தனை. போட்டார். கையில இருந்தது தீர்ந்தது. சோழ ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரிப்பணத்தையும் போட்டார். பாக்கி விழுந்தது. ராஜா ஆள் அனுப்பிப் பிடிச்சு வெச்சுட்டான். அப்புறம் காஞ்சிபுரத்துப் பெருமாள் கனவுல வந்து வேகவதி ஆத்தங்கரையில புதையலைக் காட்டி மீட்டார்னு குருபரம்பரைக் கதை.

இதுல நான் கவனிக்கிறது ஒண்ணுதான். அவ்வளவு பெரிய பாக்கி. ராஜ தண்டனை. ஆனா குமுதவல்லி பிரிஞ்சு போனதாக் கதை இல்லை. ஏன்? அந்தப் பணம் எங்கே போகுதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். பரிமாறினதே அவங்கதானே! அந்தக் கடன்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. (கைதட்டல்)

எங்க வீட்டுக் கடன்ல ஒரு கையெழுத்துதான் இருந்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். மேடையில சொல்லலாமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டுத்தான் வந்தேன். "பேரை மட்டும் சொல்லாதே, மத்ததெல்லாம் சொல்லு"ன்னார். மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார். யாரும் திரும்பிப் பார்க்காதீங்க, தயவுசெய்து! (பலத்த சிரிப்பு)

எனக்குக் கல்யாணம் ஆனது 2012. அவர் அப்போ துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில பங்குதாரர். திருச்சிக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டாம். 1960கள்ல இங்கே பாய்லர் ஆலை வந்த பிறகு அதைச் சுத்தி வெல்டிங் பட்டறையும் தகடு வெட்டுற பட்டறையுமா நூத்துக்கணக்குல முளைச்சுது. ஒரு தலைமுறை அதுல சாப்பிட்டுது. பிறகு நாட்டுல புது அனல் மின் நிலைய வேலைகள் குறைஞ்சுது. வேலை குறைஞ்சா பட்டறையில மெஷின் நிக்கும், வட்டி மட்டும் நிக்காது. 2015ல அவர் பங்கை முடிச்சுக்கிட்டு வெளியே வந்து இன்னொரு இடத்துல சூப்பர்வைசரா சேர்ந்துட்டார். "எல்லாம் முடிஞ்சுது, ஒண்ணும் பாக்கி இல்லை"ன்னு என்கிட்ட சொன்னார். நானும் நம்பினேன். சீதை மாதிரி நம்பினேன்னு சொல்லலாம், ஆனா சீதைகூட ஒரு மானைக் கேட்டாங்க. நான் அதுகூடக் கேக்கலை.

ரெண்டு மூணு அடையாளம் இருந்தது, எனக்குத்தான் புரியலை. அவர் மேலச் சித்திரை வீதி வழியா வரவே மாட்டார். கோயிலுக்குப் போனாலும் சுத்திக்கிட்டுத்தான் வருவார். "அந்தப் பக்கம் கூட்டம்"பார். எந்தக் கூட்டம்? செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மேலச் சித்திரை வீதியில என்ன கூட்டம்? அப்புறம் போன் வந்தா எழுந்து கொல்லைப்பக்கம் போவார். நான் வேற மாதிரி சந்தேகப்பட்டேன். உங்களுக்குப் புரியுது இல்லையா? (சிரிப்பு) ஐயா, உண்மையைச் சொல்றேன், விஷயம் கடன்னு தெரிஞ்சப்போ முதல்ல எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது!

2022ல திருவானைக்கோவில்ல ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ரெண்டு அறை, கிணறு, வாசல்ல ஒரு பவழமல்லி. ரெண்டு பேர் சம்பளத்தையும் காட்டி ஒரு வங்கியில வீட்டுக்கடன் கேட்டோம். எந்த வங்கின்னு சொல்ல வேண்டாம், அவங்க மேல தப்பில்லை. நாலாம் நாள் கூப்பிட்டாங்க. அந்த மேலாளர் ரொம்ப மரியாதையான மனுஷர். என்னைப் பார்த்து மட்டும் பேசினார். "மேடம், உங்க ஸ்கோர் நல்லா இருக்கு. சார் ஸ்கோர் ஐநூத்தி நாப்பத்தெட்டு. ஒரு யோசனை சொல்றேன். நீங்க தனியா விண்ணப்பம் போடுங்க. தொகை குறையும், ஆனா கிடைக்கும். சார் பேரே வேண்டாம்."

'சார் பேரே வேண்டாம்.' சார் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கார் ஐயா. பேனா மூடியைத் திறந்து மூடிக்கிட்டே இருந்தார். அந்த டிக் டிக் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

சிபில்னு எல்லாரும் சொல்றோமே, அதைப் பத்திப் பெரியவங்களுக்காக ரெண்டு வார்த்தை. 2000ல ஆரம்பிச்ச ஒரு நிறுவனம். கடன் தகவல் நிறுவனங்களுக்குன்னு 2005ல சட்டமே வந்தது. இப்போ சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு நிறுவனம் இருக்கு. நாம எங்கே கடன் வாங்கினோம், எந்த மாசம் கட்டினோம், எந்த மாசம் கட்டலைன்னு வங்கிகள் அவங்களுக்கு எழுதி அனுப்பும். அதை வெச்சு 300லேர்ந்து 900க்குள்ள ஒரு மதிப்பெண் போடுவாங்க. எங்க பள்ளிக்கூடத்துல நூத்துக்கு முப்பத்தஞ்சு வாங்கினாப் பாஸ். இங்கே தொள்ளாயிரத்துக்கு ஐநூத்தி நாப்பத்தெட்டு வாங்கினாலும் ஃபெயில்! புருஷன் பொண்டாட்டிக்குச் சேர்த்து மதிப்பெண் கிடையாது. அவரவர் விடைத்தாள் அவரவருக்கு. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து கடன் கேட்டா ரெண்டு தாளையும் பிரிச்சுப் பார்ப்பாங்க.

வெளியே வந்தோம். பஸ்ஸுல பேசலை. காவிரிப் பாலம் தாண்டுறப்போ நான் கேட்டேன், "எவ்வளவு?" அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "எனக்கே தெரியாது."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இல்லைன்னு சொன்னாத் திட்டலாம். லட்ச ரூபாய்னு சொன்னா அழலாம். 'எனக்கே தெரியாது'ன்னா என்ன பண்றது? மறைச்சு மறைச்சு, கடைசியில தன்கிட்டேயே மறைச்சு வெச்சிருக்கார் மனுஷன்! வந்த கடுதாசியையெல்லாம் பிரிக்காமப் பரண்ல ஒரு பையில போட்டு வெச்சிருந்தார். இறக்கினேன். கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு. ஏழு வருஷமா நவராத்திரிக்கு நவராத்திரி அந்தப் பையை நகர்த்தி வெச்சுட்டுத்தான் நான் பொம்மை எடுத்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி நான் பேசின பேச்சையெல்லாம் இங்கே சொல்ல முடியாது, குடும்பத்தோட பார்க்கிற நிகழ்ச்சி. (சிரிப்பு) அவர் ஒரே ஒரு பதில்தான் சொன்னார். "சொன்னா நீ பயப்படுவே." எதிரணி ஆண்களே, ஆண்கள் சார்புல உங்களைக் கேக்கிறேன், இந்த வசனத்தை எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க? எல்லா வீட்டுலயும் இதே வசனம்தான். நாங்க பயப்படுவோம்னு நீங்க மறைக்கிறீங்க. உண்மையில யாருக்குப் பயம்?

நாளைக்குப் பேசலாம்னு படுத்தோம். எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னா ஐயா, இதை நான் சொல்லலேன்னா என் கட்சிக்கே நான் துரோகம் பண்ணினவளாவேன். நானும் மறைச்சிருந்தேன். அரிசி டப்பாவுக்கு அடியில அறுபதாயிரம் ரூபாய். தெருவுல ஒரு சீட்டு கட்டி எடுத்தது. அவருக்குத் தெரியாது. நான் வெச்சிருந்தது சேமிப்பு, அவர் வெச்சிருந்தது கடன், அதனால நான் நல்லவள்னு ஒரு மணி நேரம் எனக்கு நானே வாதாடினேன். தீர்ப்பு சொல்ல நடுவர் அங்கே இல்லை. விடிகாலையில எழுந்து டப்பாவைக் கொண்டு வந்து அவர் முன்னாடி வெச்சேன். அவர் பார்த்த பார்வை இருக்கே! "அரிசி ஏன் சீக்கிரம் தீர்ந்து போச்சு தீர்ந்து போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தே?"ன்னு கேட்டார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிச்சுது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். 2017லேர்ந்து ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கு: வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாக் கொடுக்கணும். நாலு நிறுவனத்துலயும் வாங்கினோம். காசு வாங்கிக்கிட்டு ஒரே மாசத்துல ஸ்கோரை ஏத்தித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் வந்தார். பதினஞ்சாயிரம் கேட்டார். உண்மையா இருக்கிற பாக்கியை எவனாலயும் அழிக்க முடியாது, பொய்யா இருக்கிறதை நாமே இலவசமாத் திருத்திக்கலாம். அப்புறம் அவருக்கு எதுக்குப் பதினஞ்சாயிரம்? காபி கொடுத்து அனுப்பிட்டேன்.

அறிக்கையில நாலு கணக்கு சிவப்பா நின்னுது. ஒரு கணக்கைப் பார்த்து அவரே முழிச்சார். வீட்டுச் சாமான் வாங்கக் கடன்னு இருக்கு, வேற மாவட்டத்து முகவரி. "நான் வாங்கவே இல்லை"ங்கிறார். எனக்கு அப்போ அவர் பேச்சை நம்புற மனசு இல்லை. உத்துப் பார்த்தா தகப்பனார் பேர் வேற! ஒரே பேர், ஒரே இன்ஷியல். நம்ம ஊர்ல அவ்வளவுதானே பேர். அதுலயும் ஸ்ரீரங்கத்துல உத்தர வீதியில நின்னு "ரங்கா"ன்னு கூப்பிட்டாப் பாதி வீதி திரும்பிப் பார்க்கும், மீதி வீதி வீட்டுக்குள்ளேயிருந்து "என்ன?"ன்னு கேக்கும். முன்னாடி சொன்னேனே, கம்பர் கணக்குல ஏறின வரின்னு. அதே கதைதான். தகராறு மனு போட்டோம், அடையாளச் சான்றெல்லாம் வெச்சு. முப்பது நாளுக்குள்ள அவங்க தீர்த்து வைக்கணும்னு விதி. 2024 ஏப்ரலுக்கு அப்புறம் அந்த முப்பது நாளைத் தாண்டினா நாளுக்கு நூறு ரூபாய் நமக்கு இழப்பீடு கொடுக்கணும்னே ஆகிடுச்சு. அந்தக் கணக்கு நீங்கிடுச்சு.

இந்த இடத்துல எங்க திருச்சியோட பெரிய கடன்காரர் ஒருத்தரைச் சொல்லாமப் போனா அந்த மலைக்கோட்டையே என்னைக் கோவிச்சுக்கும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி. 1751ல சந்தா சாகிபு படை சுத்தி வளைச்சப்போ இந்தக் கோட்டைக்குள்ளதான் இருந்தார். மறுவருஷம் அந்தப் படை எங்க ஸ்ரீரங்கத்துல சரணடைஞ்சுது. சண்டைக்குச் செலவு, ஜெயிச்ச பிறகு ஆடம்பரம், எல்லாத்துக்கும் கடன். யார்கிட்ட? கம்பெனியில சம்பளம் வாங்குற வெள்ளைக்கார ஊழியர்கள்கிட்டயே, லண்டன்ல இருக்கிற முதலாளிகளுக்குத் தெரியாம! கொடுத்தவனும் மறைச்சான், வாங்கினவரும் மறைச்சார். 1785ல இங்கிலாந்து பாராளுமன்றத்துல எட்மண்ட் பர்க் இந்தக் கடனைப் பத்தி மணிக்கணக்காப் பேசினார். 1795ல நவாப் காலமானார், மகன் தலையில பாரம், 1801ல ராஜ்யமே போச்சு. அப்புறம் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து வருஷக்கணக்காக் கடன் பத்திரங்களைப் பரிசோதிச்சுது. வந்த கோரிக்கையில பத்துல ஒரு பங்குகூடத் தேறலை, மிச்சமெல்லாம் செல்லாதுன்னு தள்ளினாங்க. ஆனா பரிசோதிச்சது எப்போ? ராஜ்யம் போன பிறகு! பையை முன்னாடியே பரண்லேர்ந்து இறக்கிப் பார்த்திருந்தா? முகம்மது அலி நத்தர்வலி தர்காவுலதான் அடக்கமாகியிருக்கார். அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு எங்க வீட்டுப் பரண் ஞாபகம்தான் வரும்.

ரெண்டாவது சிவப்புக் கணக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து. பட்டறைக் கூட்டாளி ஒருத்தர் மெஷினுக்கு வாங்கின கடன். ஜாமீன் போடறதை நம்ம ஆளுங்க ஏதோ கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடற மாதிரி நினைச்சுக்கிறாங்க. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு, வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அந்தக் கூட்டாளி கட்டாம ஏமாத்திட்டான்னு எங்க வீட்டுக்காரர் ஏழு வருஷம் அவரோட பேசலை. கல்யாணம், காது குத்து எதுக்கும் போகலை. நான்தான் பிடிவாதமா ஒரு ஆடிப் பெருக்கு அன்னைக்கு அம்மா மண்டபத்துல அவர் குடும்பத்தைப் பார்த்ததும் போய் நேராக் கேட்டேன். அந்த மனுஷன் முகம் சிவந்து போச்சு. "அண்ணி, அதை நான் 2019லயே கட்டி முடிச்சுட்டேனே! வீட்டுல பத்திரமே இருக்கு." மறுநாள் கொண்டு வந்து காட்டினார். கடன் முடிஞ்சுது, வங்கி அதைப் பதிவு மட்டும் பண்ணலை. இல்லாத பாக்கிக்காக ரெண்டு சிநேகிதர்கள் ஏழு வருஷம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கலை. ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தா முடிஞ்சுது. எதிரணித் தலைவர் அவர்களே, இதை எந்தக் கணக்குல எழுதுறீங்க? இந்த நட்பைப் பிரிச்சது கடனா? கடன்தான் அடைஞ்சுடுச்சே! (பலத்த கைதட்டல்)

மிச்சம் ரெண்டும் நிஜக் கடன். ஒரு கிரெடிட் கார்டு, ஒரு வண்டிக்கடன். கார்டுல அவர் செலவு பண்ணினது இருபத்திரண்டாயிரம். அவங்க கேட்டது ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். மாசம் மூணு வட்டி மூணரை வட்டின்னு ஏறினா அப்படித்தான் ஆகும். பக்கத்து வீட்டு வக்கீல் ஒருத்தர், "காலாவதி சட்டப்படி மூணு வருஷம் ஓடிப் போச்சு, கோர்ட்டுல வழக்குப் போட முடியாது, விடுங்க"ன்னார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் வக்கீல் சாரையே முழுசாச் சொல்லச் சொன்னேன். வழக்குப் போட முடியாதுங்கிறதுக்காக அறிக்கையிலேர்ந்து கடன் மறையாது. அந்த மூணு வருஷத்துக்குள்ள ஒரு பகுதியைக் கட்டி அது எழுத்துல இருந்தாலோ, பாக்கி உண்டுன்னு எழுதிக் கொடுத்தாலோ, மூணு வருஷம் மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும். காலாவதி ஆன பிறகும் 'தர்றேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அதுவே புது ஒப்பந்தம். அதனால போன்ல மிரட்டுறவன்கிட்ட அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுக்காதீங்க, யோசிச்சு முடிவெடுங்க. மிரட்டுற போன்கூட என் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டுலேயே சொல்லியிருக்கு, காலை எட்டுக்கு முன்னாடியும் ராத்திரி ஏழுக்கு அப்புறமும் வசூல்காரர் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக் கூடாதுன்னு. நான் அவன்கிட்ட அதைச் சொல்லி, ஒம்புட்ஸ்மனுக்கு எழுதுவேன்னேன். நான் தமிழாசிரியை, இலக்கணத்தோட சொன்னேன். அப்புறம் கூப்பிடலை.

அவங்க "நாப்பத்தஞ்சாயிரம் கொடுங்க, முடிச்சுக்கலாம்"னாங்க. ஆசையா இருந்தது. ஆனா அப்படி முடிச்சா அறிக்கையில 'செட்டில்டு'ன்னு எழுதுவாங்க. அது 'முழுசாக் கட்டினான்'னு அர்த்தம் இல்லை, 'பேரம் பேசித் தப்பிச்சான்'னு அர்த்தம். வண்டிக்கடனை இவர் 2016ல அப்படித்தான் முடிச்சிருந்தார், அதுதான் அத்தனை வருஷமா குத்திக்கிட்டு இருந்தது. பல தடவை அலைஞ்சு, அபராதத்தைக் கழிச்சு எழுபத்தெட்டாயிரம், முழுதும் செலுத்தி முடித்த கணக்குன்னு பதிவு பண்றோம்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் பணம் கட்டினோம். அரிசி டப்பா போச்சு. என் ரெண்டு வளையல் நகைக்கடனுக்குப் போச்சு. வண்டிக்கடன்லயும் அன்னைக்குத் தள்ளுபடி பண்ணின தொகையைத் திரும்பக் கட்டி, பாக்கியில்லைன்னு கடிதம் வாங்கி, பதிவை மாத்தினோம். அந்தக் கிளையில இருந்த பொண்ணு, "தள்ளுபடி ஆனதைத் தேடி வந்து கட்டுறவங்களை இப்பத்தான் பாக்கிறேன்"னுச்சு.

அப்புறம் பொறுமைதான். ஸ்கோர்ங்கிறது மலைக்கோட்டைப் படி மாதிரி. ஏறுறது ஒவ்வொரு படியா, மூச்சு வாங்க. வழுக்கினா ஒரே நிமிஷம். சின்னதா ஒரு கடன் எடுத்துத் தேதி தவறாமக் கட்டினார். கடிதப் பையில எதுவும் போடலை. எது வந்தாலும் நோட்டுல எழுதி, நான் ஒரு டிக், அவர் ஒரு டிக். எங்க ஊர் ராஜகோபுரம் அச்சுத தேவராயர் காலத்துல ஆரம்பிச்சு நின்னு போய், மொட்டைக் கோபுரம்னே பேராகி, 1987ல பதிமூணு நிலையும் முடிஞ்சு குடமுழுக்கு ஆச்சு. நானூறு வருஷம் பொறுத்த ஊர் ஐயா அது. எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அந்தப் பவழமல்லி வீடு வேற யாருக்கோ போயிடுச்சு. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். 2025ல பக்கத்துத் தெருவுல இன்னொண்ணு கிடைச்சுது. கிணறு இல்லை. ஆனா பத்திரத்துல முதல் பேர் அவர் பேர்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். ஒரு நிமிஷம் கொடுங்க ஐயா.

நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒரு வரி மட்டும் டிக் ஆகாம இருந்தது. அது நாலு நிறுவனத்து அறிக்கையிலயும் இல்லாத கடன். மேலச் சித்திரை வீதியில மளிகைக் கடை வெச்சிருந்த ஒரு பெரியவர்கிட்ட, பட்டறை மூடுறப்போ கைமாத்தா வாங்கின நாப்பதாயிரம். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. அந்தக் 'கூட்டம்' அதுதான்! போன தை மாசம் ரெண்டு பேருமாப் போனோம். பெரியவருக்குக் கண் பார்வை மங்கிப் போச்சு, குரலை வெச்சு அடையாளம் கண்டுபிடிச்சார். பணத்தை வாங்கி, விரல்ல எச்சில் தொட்டு, ரெண்டு தடவை எண்ணினார். எண்ணி முடிச்சுட்டு நிமிர்ந்து, "வட்டி?"ன்னார். எங்க வீட்டுக்காரர் வெலவெலத்துப் போயிட்டார். பெரியவர் சிரிச்சுக்கிட்டே உள்ளே பார்த்து, "மூணு காபி"ன்னு குரல் கொடுத்தார்.

காபி குடிச்சுட்டு வெளியே வந்தோம். அவர் பழக்க தோஷத்துல இடது பக்கம் திரும்பினார், சுத்திப் போற வழிக்கு. நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். அன்னைக்கு மேலச் சித்திரை வீதி வழியாவே வீட்டுக்குப் போனோம்.

(நீண்ட கைதட்டல்)